கணினிக் கேள்வி பதில்: முதலில் வாங்க வேண்டியது எது?

கேள்வி: என் மகன் இவ்வாண்டு பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறைப் படிப்பைத் தொடங்குகிறான். மேசைக் கணினியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பொருத்த வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பாட வேலைகள், காணொளித் தொகுப்பு, ஓய்வு நேரத்தில் சில விளையாட்டுகள் ஆகியவைதாம் அவனுக்குத் தேவை. எடுத்த எடுப்பில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு, மிஞ்சும் பணத்தில் மற்ற பாகங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சரியன்று, அம்மா. கிராஃபிக்ஸ் கார்டை ஓராண்டு கழித்துக்கூட வாங்கிச் செருகிக்கொள்ளலாம். செயலி (பிராசசர்), மதர்போர்டு, ரேம் ஆகிய மூன்றும் அப்படியல்ல. ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் மற்ற இரண்டையும் எந்த வகையில் வாங்க வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த மூன்றையும் ஒரே தொகுதியாகக் கருதி முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

மதர்போர்டில் செயலி உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். செயலிகளைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வெளிவந்தது. அதில் டிடிஆர்5 எனும் புதிய தலைமுறை ரேம் மட்டுமே பொருந்தும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டைப் பயன்படுத்துகின்றன. அவற்றுக்கான மதர்போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவையும் டிடிஆர்5 ஏற்பவையும் தனித்தனியே உள்ளன. இரண்டு வகை ரேம்களிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. இன்டெல் 2024இல் வேறொரு சாக்கெட்டுக்கு மாறிவிட்டது. ஏஎம்5 சாக்கெட்டுக்கோ 2027 வரையிலாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. படிப்பு முடியும் காலத்தில் செயலியை மட்டும் மாற்றிக் கணினியின் ஆயுளை நீட்டிக்க முடியும் என்பதால், உங்கள் மகனுக்கு நான் ஏஎம்5 வழியையே பரிந்துரைக்கிறேன். டிடிஆர்5 விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் மட்டும் எல்ஜிஏ1700 மதர்போர்டையும் டிடிஆர்4 ரேமையும் நாடலாம். அப்போது செயலியின் பெயர் இறுதியில் எஃப் என்ற எழுத்து இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அந்த எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. காணொளித் தொகுப்பை விரைவாக்கும் குவிக் சிங்க் வசதியும் அதனுடன் சேர்ந்து போய்விடும்.

ஏஎம்5 என்று முடிவானபின், ஓராண்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் உண்டா என்று மகனிடம் கேளுங்கள். உண்டு என்றால் ஏஎம்டியின் ரைசன் 5 7600 செயலி பொருத்தமானது. அதற்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ், கார்டு வரும்வரை திரையை இயக்கப் போதும். கார்டே வாங்கப்போவதில்லை என்றால் ரைசன் 5 8600ஜி நல்லது. அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பல விளையாட்டுகளைக் குறைந்த அமைப்புகளில் ஓட்டிவிடும்; ஆனால் 7600இல் உள்ள 32 எம்பி எல்3 கேஷுக்கு (செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) பதிலாக அதில் 16 எம்பிதான் இருக்கிறது. இரண்டும் 65 வாட் வகையைச் சேர்ந்தவை என்பதால், நம் ஊர் வெப்பத்திலும் செயலியின் பெட்டியோடு வரும் விசிறியே போதுமானது.

ரேமை எப்போதும் இணையாக வாங்குங்கள். காணொளித் தொகுப்புக்கு 16 ஜிபி கொண்ட இரண்டு, அதாவது மொத்தம் 32 ஜிபி வேண்டும். இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டமிடுவது ஏஎம்5இல் நன்றன்று. நான்கு ரேம்களைச் செருகினால் அவற்றின் வேகம் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, 1 டிபி கொள்ளளவுள்ள, என்விஎம்இ எனும் வேகமான வகை ஒன்று போதும். உச்ச வேக மாதிரிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் வாங்குவதானால், ஒவ்வொரு பாகத்துக்கும் மலேசிய விநியோகிப்பாளரின் உத்தரவாதம் உண்டா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பழைய கணினியில் இருந்த 450 வாட் பவர் சப்ளை இன்னும் வேலை செய்கிறது. புதிய கணினிக்கு அதையே பயன்படுத்தினால் பணம் மிச்சமாகுமே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மற்ற எல்லாப் பாகங்களின் உயிரும் அதன் கையில் இருப்பதால், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் ஆண்டுக்காண்டு வலுவிழக்கின்றன. விசிறி சுற்றுவதை வைத்து அவற்றின் நலத்தை அறிய முடியாது. புதிதாக வாங்கும்போதும் 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைக் கூறுமே தவிர, மின்னழுத்தம் ஏறினாலோ குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டாலோ தானே அணைந்து காக்குமா என்பதைக் கூறாது. அந்தப் பாதுகாப்புகள் எவையெவை என்பதைப் பெட்டியிலோ விவரக்குறிப்பிலோ படித்துப் பாருங்கள். 65 வாட் வகைச் செயலியும் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டும் உள்ள கணினிக்கு 550 வாட் தாராளமாகப் போதும்.

கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாதிரியானால், பழைய பவர் சப்ளையின் கேபிள்களைப் புதியதில் ஒருபோதும் செருகாதீர்கள். முனை பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். அப்படி மாறியிருந்தால் எஸ்எஸ்டியும் மதர்போர்டும் ஒரு நொடியில் எரிந்துபோகலாம். பருவக்காற்று மாறும் மாதங்களில் பினாங்கிலும் பெருநிலத்திலும் பிற்பகல் இடி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்நேரத்தில் மின்செருகியையும் இணையக் கேபிளையும் சேர்த்தே பிடுங்கிவிடுவது, எந்தப் பாதுகாப்புக் கருவியையும்விட உறுதியானது.

கேள்வி: ஏஎம்5 கணினியை நேற்றுப் பொருத்தி முடித்தேன். விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டு பழுதா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் சிறிது காத்திருங்கள். முதன்முறை இயக்கும்போது டிடிஆர்5 ரேமைச் சோதித்துச் சரிசெய்ய ஏஎம்5 கணினிகள் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்; இதை அறியாதவர்கள் பாதியிலேயே அணைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் கடந்தும் திரை இருண்டிருந்தால், செயலிக்கு மின்சாரம் தரும் எட்டு ஊசிக் கேபிள் மதர்போர்டின் மேல்மூலையில் செருகப்பட்டுள்ளதா, செயலியின் பக்கமிருந்து எண்ணும்போது ரேம்கள் இரண்டாவது நான்காவது இடங்களில் அழுந்த உட்கார்ந்துள்ளனவா, கார்டு இருந்தால் திரையின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில் மாட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். செயலி உங்கள் மதர்போர்டைவிடப் புதியதானால், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க நேரலாம். பல மதர்போர்டுகளில் யுஎஸ்பி வழியாக அதைச் செய்ய ஒரு பொத்தான் பின்புறம் இருக்கும்.

இவை எதுவும் உதவாமல் மதர்போர்டைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்ல நேர்ந்தால், சாக்கெட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை மறவாமல் மாட்டிக் கொண்டுபோங்கள். ஏஎம்5இல் ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. வழியில் அவை வளைந்துவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கூறிவிடுவார்கள்.