சீனப் பீங்கான் தட்டில் ஐரோப்பியர் எப்படி வந்தார்கள்?

18ஆம் நூற்றாண்டுச் சீனத் தட்டுகளில் ஐரோப்பிய உருவங்களை வரைந்தது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். சீனத் தொழிலாளர்கள்தான், அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதில்லை.

பீங்கான் சீனாவின் ஜிங்டெஜென் நகரச் சூளைகளில் வெந்தது. ஓவியத்தை அங்கேயே தீட்டுவதும் உண்டு. நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெறும் வெள்ளைத் தட்டுகளைக் தென்சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, எனாமல் வண்ணம் பூசி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவது பெருகியது. ஐரோப்பியக் கப்பல்கள் வரும் பருவத்தில் வணிகர் கேட்டதைச் சீக்கிரம் முடித்துத் தர அதுவே வசதி.

மாதிரி, வணிகர்கள் கொண்டுவந்த செப்புத்தகட்டு அச்சுப்படங்கள். நிழலுக்காக அச்சில் கீறியிருந்த நுண்கோடுகளைக்கூட மெல்லிய தூரிகையால் கறுப்பில் அப்படியே படியெடுத்தார்கள். அசாத்தியமான பொறுமை! ஆனாலும் முகங்களில் பல சமயம் சீனச் சாயல் ஏறிவிடும். எனக்குப் பிடித்தவை அந்தத் தட்டுகள்தான்.

இதற்கு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. 1734இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பீங்கானுக்கு மாதிரி வரைய கொர்னேலிஸ் பிரொங்க் என்ற ஓவியரை அமர்த்தியது. அவருடைய புகழ்பெற்ற 'குடைப் பெண்' ஒரு டச்சுக்காரர் கற்பனை செய்த கீழைநாட்டுக் காட்சி. அதைச் சீனர்கள் ஐரோப்பியருக்காக வரைந்து கொடுத்தார்கள். செலவு கட்டுப்படியாகாமல் கம்பெனி சில ஆண்டுகளில் அத்திட்டத்தைக் கைவிட்டது.