வாசகர் கேட்டவை: பேரிடரில் பிள்ளைகள், பயிற்சித் தாதியர்

கேள்வி: சிங்கப்பூரில் புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. தாதிமை படிக்கும் என் மகனுக்குக் குழந்தைகளுக்கான பேரிடர்ப் பயிற்சி எதற்கு?
– ஒரு தாய், செங்காங்

பதில்: 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பக்கத்தில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டும் ஏணியும் வைத்துப் பலரைக் கீழே இறக்கினார்கள். 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். புகையை உள்ளிழுத்த பிள்ளைகள், பெற்றோர் உடன் இல்லாமல், ஒரே நேரத்தில் வந்து சேருவது: நம் ஊர்த் தாதி எதிர்பார்த்திருக்க வேண்டிய பேரிடர் இதுதான்.

புகையில் இரண்டு ஏமாற்று வேலைகள் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு இரத்தத்தில் ஏறிய பிள்ளையின் விரலில் ஆக்சிஜன் அளவுமானியை மாட்டினால் 99, 100 என்று நிம்மதியாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஆக்சிஜனை நிறுத்தக்கூடாது. அடுத்தது வீக்கம். சுமார் 4 மி.மீ. அகலமுள்ள கைக்குழந்தையின் மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் பாதி அகலம்தான் மிச்சம். மூக்கோரம் கரி, கம்மிய குரல் இரண்டில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீங்கிய பிறகு மூச்சு விட உதவும் குழாயை உள்ளே போடுவது பெரும்பாடு.

கேள்வி: பாடத்திட்டத்தில் அரை நாள்தான் கிடைக்கிறது. எதைக் கற்றுக்கொடுப்பது, எதை விடுவது?
– விரிவுரையாளர், அங் மோ கியோ

பதில்: எல்லாவற்றையும் தொட்டுக் காட்டப் பார்க்காதீர்கள். தரம்பிரிப்பை, அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று வண்ண அட்டையால் பிரிப்பதை (சிவப்பு: உடனே, மஞ்சள்: சற்றுக் காத்திருக்கலாம், பச்சை: லேசான காயம், கறுப்பு: பிழைக்க வாய்ப்பில்லை), மட்டும் எடுத்துக்கொண்டு கை பழகும்வரை செய்யவிடுங்கள்.

பெரியவர்களுக்கான ஸ்டார்ட் என்ற தரம்பிரிப்பு முறையை மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். ஏறத்தாழ 1 முதல் 8 வயது வரை, அதையே பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிய ஜம்ப்ஸ்டார்ட் முறை. முக்கிய வேறுபாடு மூச்சில் இருக்கிறது. மூச்சில்லாத பெரியவருக்குக் காற்றுப்பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு அட்டை. பிள்ளைக்கு அங்கேயே நின்றுவிடக்கூடாது. நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் சற்றுப் பிறகு. அந்த இடைவெளியில் காப்பாற்ற முடியும். நாடி இருந்தால் 5 முறை மூச்சு ஊதுங்கள். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால் கறுப்பு.

தானே மூச்சு விடும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 15க்குக் கீழே அல்லது 45க்கு மேலே என்றால் சிவப்பு. பெரியவருக்கான 30 என்ற வரம்பைப் பிள்ளைகளுக்கு வைத்தால் பயந்து அழும் அத்தனை பேரும் சிவப்பாகிவிடுவார்கள்; உண்மையான சிவப்பு கூட்டத்தில் தொலைந்துபோகும். மூச்சு வரம்புக்குள் இருந்தால் நாடி. நாடி தட்டுப்படாவிட்டால் சிவப்பு. தட்டுப்பட்டால் நினைவு: வலி கொடுத்தும் பதிலே இல்லை, அல்லது வலிக்கும் இடத்தை விலக்கத் தெரியாமல் கைகால் மட்டும் விறைக்கிறது என்றால் சிவப்பு, மற்றபடி மஞ்சள்.

“நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்” என்று கூப்பிட்டதும் யாரோ இடுப்பில் தூக்கிவந்த குழந்தையும் பச்சைப் பகுதிக்குப் போய்விடும். அது நடந்து வரவில்லை. அங்கே முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். சத்தம் போடாத பிள்ளையிடம் முதலில் போகச் சொல்லுங்கள். அலறுகிறவனுக்குக் காற்றுப்பாதை திறந்திருக்கிறது.

பயிற்சி அட்டையில் “மூச்சு 52” என்று அச்சடித்துக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எண்ணுவதுதான் திறமை. மார்பு அசையும் காணொளியைக் கைக்கணினியில் ஓடவிட்டு, 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். 15 நிமிடம் கழித்து இரண்டு ‘மஞ்சள்’ பிள்ளைகளின் நிலையைச் சொல்லாமல் மோசமாக்குங்கள். மறுபடி சுற்றிவந்து பார்க்கும் மாணவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: பரபரப்பில் மருந்தளவு கணக்கு மறந்துபோகிறது. என்ன செய்வது?
– தாதிமை மாணவி, ஈசூன்

பதில்: மனக்கணக்கை நம்பாமலிருக்கப் பழகுங்கள். எடை போட நேரமில்லையென்றால் நீளத்தை வைத்து எடை சொல்லும் வண்ண நாடா இருக்கிறது. பிராஸ்லோ என்ற அந்த நாடாவில் சிவப்பு முனை தலைப்பக்கம். அளவு குதிகால்வரை, கால்விரல்வரை அல்ல. நாடாவிலும் சிவப்பு, மஞ்சள் உண்டு, தரம்பிரிப்பு அட்டையிலும் உண்டு. “சிவப்புப் பிள்ளை” என்று கத்தினால் ஒருவர் அவசரம் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் எடை என்று எடுத்துக்கொள்வார். எடையைக் கிலோவில் மட்டும் சொல்லுங்கள்.

நாடா இல்லாவிட்டால் 1 முதல் 10 வயதுவரை, வயதோடு 4 கூட்டி 2ஆல் பெருக்குங்கள். 5 வயது என்றால் 18 கிலோ. பருமனான பிள்ளைக்கு இது குறைவாகக் காட்டும். கிடைத்த எடையைப் பிள்ளையின் கையில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

அந்த 18 கிலோ பிள்ளைக்கு நீர்மம் கிலோவுக்கு 10 மி.லி. என்று உத்தரவு வந்தால் 180 மி.லி. 500 மி.லி. பையைத் திறந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் ஓடினால் அத்தனையும் இறங்கிவிடும். 50 மி.லி. ஊசிக்குழலில் இழுத்து இழுத்துக் கொடுங்கள், ஒவ்வொன்றையும் கோடிட்டு எண்ணுங்கள். வாய்வழி பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 270 மி.கி. 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள புட்டியில் அது சுமார் 11 மி.லி.; 250 மி.கி. புட்டியில் 5.4 மி.லி. புட்டி மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும் அல்லது பாதியாகிவிடும். லேபிளை வாய்விட்டுப் படிக்க ஒருவர், கேட்டுச் சரிபார்க்க ஒருவர். படிப்பவரே சரிபார்ப்பவராக இருக்கக்கூடாது.

இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். 10 கிலோ குழந்தைக்கு மொத்த இரத்தமே சுமார் 800 மி.லி. அதில் 200 மி.லி. போனாலும் அழுத்தம் தாக்குப்பிடிக்கும்; இதயம் வேகமாக ஓடும், கைகால் சில்லிடும். அழுத்தம் விழுவது கடைசிக் கட்டம்.

கேள்வி: இந்த வெயில் ஊரில் பயிற்சிப் பையில் ஏன் போர்வை?
– வாசகர், ஜூரோங்

பதில்: இரசாயனக் கசிவு என்றால் உடையைக் களைந்து தண்ணீரில் கழுவுவார்கள், பிறகு குளிரூட்டிய அறை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல்பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் போய்விடும். வெதுவெதுப்பான நீர், உடனே துவட்டல், தலைக்கும் சேர்த்துப் போர்வை.

கேள்வி: பேரிடர்த் தங்குமிடத்தில் தனியாக நிற்கும் பிள்ளையை “நான்தான் மாமா” என்று ஒருவர் அழைத்துப்போக வந்தால்?
– சமூக மன்றத் தொண்டூழியர், உட்லண்ட்ஸ்

பதில்: அனுப்பாதீர்கள். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும் அது அடையாளச் சான்று ஆகாது. பயந்த பிள்ளை தெரிந்த முகம் எதையும் பிடித்துக்கொள்ளும். “இவர் உன் மாமாவா?” என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடும். “இவர் யார்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். அடையாள அட்டையைப் பார்த்து, பெற்றோரைத் தொலைபேசியில் பிடித்து, பொறுப்பிலிருக்கும் அதிகாரி கையெழுத்திட்ட பிறகுதான் ஒப்படைக்க வேண்டும்.

பிள்ளை வந்தவுடனே கையில் எண் பட்டை கட்டி, கண்டெடுத்த இடம், நேரம், கொண்டுவந்தவர், பேசும் மொழி, உடுத்தியிருந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். சிகிச்சைக்காகச் சட்டையை வெட்டினால் அதே எண் போட்ட பையில் வையுங்கள். பேசத் தெரியாத குழந்தையைத் தாய் அடையாளம் காண அந்தச் சட்டை உதவும். படம் எடுப்பது பதிவுக்கு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், உடையும் முகமும் தெரிந்த எவரும் உறவு சொல்லிக்கொண்டு வரலாம்.