வெளுத்த வெண்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பெரம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சித்திரையில் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். வீடு போக 7 சென்ட் காலியாக இருக்கிறது. மருந்தடிக்காத காய் சாப்பிட வேண்டும் என்றுதான் வந்ததே. வைகாசியில் சுவரை ஒட்டியே பாத்தி கட்டி வெண்டை விதைத்தேன். ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. துளிர் இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் யூரியா ஒரு கை போடச் சொல்கிறார், எனக்கு மனம் வரவில்லை. பஞ்சகவ்யம் தெளித்தால் சரியாகுமா? ஆடிக்கு என்ன விதைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யூரியா வேண்டாம். பஞ்சகவ்யமும் இப்போதைக்கு வேண்டாம், அது நல்ல பொருள்தான், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து நானும் தெளிக்கிறேன், ஆனால் உங்கள் வெண்டைக்கு வந்திருப்பது வேறு. யூரியா கொடுக்கும் தழைச்சத்து போதாவிட்டால் முதலில் அடியிலைதான் பழுக்கும். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்பு நோய் என்றால் நரம்பு மஞ்சளாகும். துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறாததால் வருவது. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான். புதுவீட்டுச் சுவரோரத்தில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கட்டும்போது சிந்திய சிமெண்ட் கலவைதான், வேறென்ன.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நாங்கள் வீடு கட்டிய வருஷம் நானும் சுவரோரத்தில்தான் அவரை ஊன்றினேன். கொடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஒருநாள் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன், அரையடியில் டங்கென்று நின்றது. தோண்டத் தோண்ட கிராவல், அதற்குக் கீழே காய்ந்த கலவைக் கட்டிகள், ஒரு கிழிந்த சிமெண்ட் சாக்கு, அதன் மடிப்புக்குள் கல்லாக இறுகிப்போன சிமெண்ட். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், மறுநாள் காலையிலும் பாதி அப்படியே நின்றது. அந்த மண்ணில் எந்த வேர் இறங்கும்?

நீங்களும் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து அதில் கொஞ்சம் வினிகர் விடுங்கள், பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்புறம் ஏழெட்டு இடத்தில் அரையடி ஆழத்து மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், எங்கே கொடுப்பது என்று உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்வார்கள். கிணறோ போரோ, அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் சேர்த்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்று தெரியாமலே வருஷக்கணக்காகச் செடியைத் திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆடிக்கு உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. சுவரிலிருந்து பத்தடி தள்ளி 5 சென்ட் இடத்தை மண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்புதான், பலவகை விதையைக் கலந்து விதைத்து, வளர்ந்ததை மண்ணுக்கே உரமாக்குவது. கம்பு, சோளம், தினை ஒருபக்கம், உளுந்து, பாசிப்பயறு, காராமணி ஒருபக்கம், எள், ஆமணக்கு, கடுகு, வெந்தயம், கூடவே பசுந்தாள் உரச் செடிகளான சணப்பையும் தக்கைப்பூண்டும். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்பது கணக்கு, உங்களுக்கு ஒன்றேகால் கிலோ போதும். 50, 60 நாளில் பூவெடுக்கும்போது மனசு கேட்காது, பயறு காய்க்கட்டுமே என்று தோன்றும். காய்க்க விடாதீர்கள், அப்படியே வெட்டி மடக்கி உழுதுவிடுங்கள். ஆடி முதல் வாரம் விதைத்தால் புரட்டாசியில் மடக்கலாம், ஐப்பசி மழை வருவதற்குள் மக்க ஆரம்பித்துவிடும். மழையெல்லாம் ஓய்ந்து தைப்பட்டத்தில் அங்கே வெண்டையும் கத்தரியும் போடுங்கள். நாட்டுக் கத்தரியில் வேலூர் முள்ளுக் கத்தரி கிடைத்தால் விடாதீர்கள், எண்ணெய்க் குழம்புக்கு அதற்கு நிகர் இல்லை.

அதுவரை காய்க்கு என்ன செய்வது என்பீர்கள். ஒரு கட்டில் அளவுக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கின தொழுவுரம் கலந்து கீரை விதையுங்கள், சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பச்சைச் சாணத்தை நேராகப் போடாதீர்கள், கரையானும் வேர்ப்புழுவும் வந்து சேரும். வேலியோரம் பந்தல் போட்டு நாட்டு அவரை ஊன்றுங்கள். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வரை இலையாகவே படரும், பயப்படாதீர்கள், பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாக வரும், பொங்கல் குழம்புக்கு உங்கள் பந்தலிலேயே பறிக்கலாம்.

ஆடு மேயாமல் வேலியை இப்போதே அடைத்துவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், அந்த மண்ணில் எந்த மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும், மேட்டுப்பாத்தி எங்கே கட்டலாம் என்று அவரையே கேளுங்கள்.

குழி வெட்டிப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள். என்னிடம் பட்டை அவரை விதை ஒரு டப்பா நிறைய இருக்கிறது, முகவரி அனுப்பினால் ஆடி பிறப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா
சென்னை