மாமனார் கட்சிதான் நான்

கேள்வி: புயல் என்றாலே என் மாமனார், "மெழுகுவர்த்தி, டிரான்சிஸ்டர், சில்லறை எல்லாம் எடுத்து வைம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறார். போன், பவர்பேங்க், ஜிபே எல்லாம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஜன்னல் படபடவென்று அடிக்கும் காற்றில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நெருப்பு எதற்கு? ஒரு எல்இடி டார்ச் போதும். மற்றதில் நான் மாமனார் கட்சி.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. பழைய 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை, கடையில் கார்டு மெஷினும் ஓடவில்லை. பால்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு பால் தந்தார், பாவம். செய்தி சொன்னது அப்பாவின் டிரான்சிஸ்டர்தான்: மீடியம் வேவ் 720, சென்னை வானொலி. இரண்டே பேட்டரி.

"கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும்" என்று மாமனார் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அது செம்புக் கம்பிக் காலம். எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். ஃபைபர் என்றால் வீட்டு மோடத்துக்கு மின்சாரம் வேண்டும். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர் நம்பர் மனப்பாடமா? வர்தாவின்போது, என் போனில் சார்ஜும் தீர்ந்த பிறகு, பக்கத்து வீட்டு லேண்ட்லைன் வேலை செய்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகன் நம்பர் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன்.