ஏடிஹெச்டி: யோகாவும் கோச்சிங்கும் சேரும்போது – கேள்வி பதில்

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) உள்ள பெரியவர்களுக்குக் கோச்சாக, அதாவது அன்றாட வேலைகளில் தடுமாறும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூட நிற்பவராக இருக்கிறேன், யோகாவும் சொல்லித் தருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

யோகா செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கப்படும் மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளுக்கு இருக்கும் ஆதாரம் யோகாவுக்கு இல்லை. யோகா பற்றி நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மூன்று முறை வகுப்பில் சேர்ந்தேன். மூன்று முறையும் இரண்டாவது வாரமே விட்டுவிட்டேன். நான் சோம்பேறியா?

இல்லைங்க. இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். ஒரு வேலையைத் தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் மூளையின் முன்பகுதி பார்த்துக்கொள்கிற காரியங்கள். ஏடிஹெச்டியில் தடுமாறுவதே அங்கேதான். வகுப்பு புதுசாக இருக்கும்வரை ஆர்வம் இழுத்துக்கொண்டு போகும். பழகிப்போனதும் ஆசை அப்படியே இருக்கும், கால் மட்டும் நகராது.

கோச் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஆசனத்தை அவர் திருத்த மாட்டார். எங்கே அறுந்தது என்று உங்களோடு உட்கார்ந்து தேடுவார். இப்படித் தேடினால் பெரும்பாலும் பாய்க்கு வந்த பிறகு சிக்கல் இருக்காது. எழுந்திருப்பதற்கும் பாய்க்கு வருவதற்கும் நடுவில் கை போனை எடுத்திருக்கும். சரி, அப்படியானால் இரவே கட்டிலை ஒட்டிப் பாயை விரித்துவிடுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் கால் பாயில்தான் படும். மூன்று சுற்று சூரிய நமஸ்காரம், அவ்வளவே. முடித்ததும் கோச்சுக்கு 'ஆச்சு' என்று ஒரு செய்தி. நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதே மூன்று சுற்றுதான்.

கண்ணை மூடினால் தலைக்குள் ஒரே இரைச்சல். எனக்குத் தியானம் ஒத்துவராதா?

உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் உடம்பு அசையட்டும். அப்புறம் விருட்சாசனம்: கண்ணைத் திறந்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். கவனம் நழுவினால் பாதம் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். காலை ஊன்றிவிட்டால் பரவாயில்லை, மறுபடி தூக்குங்கள். போன கவனத்தைத் திரும்பக் கூட்டிவரும் இந்தப் பழக்கத்தைத்தான் நாம் வளர்க்கிறோம். அதன் பிறகு பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி. மூச்சு விடும்போது வரும் வண்டு ரீங்காரம் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றைத் தரும். வெளிமூச்சு நீள நீள இதயத் துடிப்பும் தணியும்.

பாயில் கிடைக்கும் அமைதி மேஜைக்கு வந்ததும் காணாமல் போகிறதே?

தானாக வராது, முடிச்சுப் போட வேண்டும். 'அந்தக் கோப்பைத் திறக்கப் பயமாக இருந்தால், ஐந்து பிராமரி, பிறகு ஒரே ஒரு வரி' என்று கோச்சோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்த அமர்வில் நடந்ததா, இல்லையென்றால் எதை மாற்றலாம் என்று பாருங்கள். ஆனால் மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருந்தால் கோச் போதாது, மனநல மருத்துவரிடம் போங்கள்.

கபாலபாதி செய்யலாமா?

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி இது. உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் கூடாது.

எட்டு வயது மகனுக்கு?

ஐந்து நிமிடம் போதும், நீங்களும் கூடவே செய்யுங்கள். பூனை, பாம்பு, தவளை என்று விளையாட்டாகப் போகட்டும். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக மட்டும் பாயில் உட்கார வைக்காதீர்கள்.