சுகர் பீன்ஸில் சுகர் இருக்கிறதா?

தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி – பதில்: நீரிழிவும் நம் சாப்பாடும்

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் சுகர் பீன்ஸ் கறி. சென்ற மாதம் எனக்கு நீரிழிவு என்று தெரிந்ததிலிருந்து, பெயரிலேயே சுகர் இருக்கிறதே என்று மருமகள் எனக்கு மட்டும் அதை வைப்பதில்லை. அது சரியா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

மருமகளின் அக்கறை நல்லது, அம்மா. ஆனால் பீன்ஸை வைத்துவிட்டுச் சோற்றில் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். சுகர் என்பது சிவப்புப் புள்ளி போட்ட அந்த உலர்ந்த பயறின் பெயர் மட்டும்தான். வெந்த பீன்ஸ் அரைக் கப்பில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து. அதில் 6 கிராம் நார்ச்சத்து, அது சர்க்கரையாக மாறாது. மீதியும் மெல்லத்தான் செரிக்கும், ஏனென்றால் பயறின் மாவு தடித்த செல்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்துக்குள் போகும் வேகத்தை மேலும் குறைக்கிறது. ஒரு சாப்பாடு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, குளூக்கோஸை 100 என்று வைத்து அளக்கும் கிளைசெமிக் குறியீட்டில் வெள்ளைச் சோறு ஏறத்தாழ 73, இதே இனத்தைச் சேர்ந்த கிட்னி பீன்ஸ் 24.

சமைக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். இரவு முழுவதும், குறைந்தது 8 மணி நேரம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும், பிறகு தீயைக் குறைக்கலாம். வேகாத பீன்ஸில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு, அது கொதிநிலையில்தான் அழியும். ஊறிய பீன்ஸை நேரே ஸ்லோ குக்கரில் போட்டால் அந்தச் சூடு வராமல் போகலாம், சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்க வேண்டும், தோல் மட்டும் முழுசாக நிற்க வேண்டும். தக்காளியையும் புளியையும் அந்தப் பதத்துக்குப் பிறகே சேருங்கள், முன்னால் போட்டால் புளிப்பு பீன்ஸை வேகவிடாது. குழம்பு திக்காக ஒரு கரண்டி மசித்தால் போதும். எல்லாவற்றையும் மசித்தால் அடைபட்டிருந்த மாவு வெளியே வந்து சீக்கிரம் செரித்துவிடும். உருளைக்கிழங்கைக் குறையுங்கள்.

அப்படியானால், குடைந்த பிரட்டுக்குள் கறியை ஊற்றித் தரும் பீன்ஸ் பன்னி சாப்பிடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

உள்ளே இருக்கும் பீன்ஸ் நல்லதுதான், தம்பி. அதைத் தாங்கி நிற்கும் பிரட்டைப் பாருங்கள். 700 கிராம் லோஃபில் கால் என்றால் 175 கிராம், நாலைந்து துண்டு பிரட். அதிலேயே 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து வந்துவிடுகிறது, பீன்ஸின் கணக்கு அதற்கு மேல். குழம்பில் ஊறிய அடிப்பகுதிதான் ருசி என்பது எல்லோருக்கும் தெரியும். மென்று தின்ன வேலையே இல்லாமல் விழுங்கிவிடுவதும் அந்தப் பகுதியைத்தான். கறியைத் தனியாக டப்பாவில் வாங்கி, இரண்டு துண்டு பிரட்டோடு, துருவிய கேரட் சம்பலை நிறைய வைத்துச் சாப்பிடுங்கள். பிரட் கணக்கு 35 கிராமில் நிற்கும். முதலில் சம்பல், பிறகு கறி, கடைசியாகப் பிரட் என்று வரிசை வைத்தால் சாப்பிட்ட பின் ஏறும் அளவு இன்னும் குறையும். காய்கறியும் புரதமும் முன்னே போனால் இரைப்பை மெல்லத்தான் காலியாகிறது. எழுந்து 15 நிமிடம் நடந்துவிட்டால் தசைகளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

பிரவுன் பிரட் வாங்கினால் போதும் என்கிறார்கள்.
– வாசகி, டோங்காட்

போதாது. நைசாக அரைத்த மாவு எந்த நிறத்தில் இருந்தாலும் குடலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முழுக்கோதுமை பிரட்டின் குறியீடு சராசரி 74, வெள்ளை பிரட்டுக்கு 75. நார்ச்சத்துக்காகவும், வாட் வரி இல்லாமல் கிடைக்கிறது என்பதற்காகவும் பிரவுன் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பி மூன்றாவது துண்டை எடுக்காதீர்கள். உடையாத தானியமும் விதையும் கண்ணுக்குத் தெரியும் பிரட்தான் வேறுபடும், அதன் சராசரி 53 அளவில் இருக்கிறது. லேபிளில் 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் அத்தைக்கு சுகர் 140. எனக்கு 7.8. என்னுடையது நல்ல அளவுதானே?
– வாசகி, வெருலம்

இரண்டும் ஒன்றேதான். நம் மீட்டர் மில்லிமோலில் காட்டுகிறது, அங்கே மில்லிகிராம். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். நீரிழிவுள்ள பெரும்பாலோருக்கு இங்கே வைக்கும் இலக்கு, சாப்பிடுமுன் 4 முதல் 7, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 10-க்குள். 7.8 எந்த நேரத்து அளவு என்று எழுதாததால் அது நல்லதா என்று சொல்ல முடியவில்லை. மீட்டர் எண்ணோடு நேரத்தையும் எப்போதும் குறித்து வையுங்கள்.

இரவில் காய்கறி சூப் மட்டும்தான் குடிக்கிறேன். காலையில் 9 காட்டுகிறது. பட்டினி கிடந்தும் ஏறுவது எப்படி?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சாப்பிடாத நேரத்தில் சர்க்கரையை இரத்தத்துக்குக் கொடுப்பது கல்லீரல், ஐயா. விடியற்காலையில் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் கூடி, எழுந்து நடமாட எரிபொருள் கொடு என்று கல்லீரலைத் தூண்டும். நீரிழிவு இல்லாதவருக்கு அதே நேரத்தில் இன்சுலினும் கூடும். உங்களுக்கு அது போதவில்லை. ஆகவே சூப்பையும் விட்டுவிடுவது இதற்கு மருந்தாகாது.

எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு மூன்று நாள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று மூன்று முறை பாருங்கள். படுக்கும்போதே 10 என்றால் காரணம் இரவுச் சாப்பாடு. பத்து மணி டீயில் தோய்க்கும் ரஸ்க்கையும் அந்தக் கணக்கில் சேருங்கள், பெரிய ரஸ்க் ஒன்றில் 20 கிராம் மாவுச்சத்து இருக்கலாம். படுக்கும்போதும் 3 மணிக்கும் சரியாக இருந்து விடிந்ததும் 9 என்றால் அது கல்லீரலின் வேலை, மருந்தையோ அதன் நேரத்தையோ மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. 3 மணிக்கு 4-க்குக் கீழே போனால் மருந்து அதிகம் என்று பொருள், அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள். வெறும் "காலையில் 9" என்பதைவிட இந்த மூன்று எண்களைக் காட்டினால் அவர்களால் சரியாக முடிவெடுக்க முடியும்.

நார்ச்சத்து கூட்டச் சொன்னார்கள். இசப்கோலும் தவிடும் தொடங்கினேன். வயிறு உப்பி மலச்சிக்கலும் வந்துவிட்டது.
– வாசகி, லெனேசியா

ஒரே நாளில் கூட்டியதும் தண்ணீர் போதாததும்தான் காரணமாக இருக்கும். நாளுக்கு 25 முதல் 30 கிராம் என்ற இலக்கை வாரம் 5 கிராமாக எட்டுங்கள், குடலில் உள்ள பாக்டீரியாக்கள் பழக நேரம் வேண்டும். இசப்கோல் ஒரு டீஸ்பூனுக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர். உலர்ந்தபடி விழுங்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு கொய்யாவில் 5 கிராம், அரைக் கப் பீன்ஸில் 6 என்று சாப்பாட்டிலேயே சேர்ப்பது இன்னும் நல்லது. பிரியாணியில் இரண்டு கப் அரிசிக்கு ஒரு கப் மசூர்ப் பருப்பு போட்டுப் பாருங்கள், டர்பன் பிரியாணிக்கு அது பழகிய ருசிதான். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் பூஜை முடியும்வரை அப்பா ஒன்றும் சாப்பிடுவதில்லை. காலையில் கிளிக்லசைடு மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறார். சென்ற ஆண்டு ஒருமுறை கை நடுங்கி வியர்த்துவிட்டது.
– வாசகி, ஐசிப்பிங்கோ

இந்தக் கடிதம்தான் எங்களுக்கு மிகுந்த கவலை தந்தது. கறி மீன் விடுவதில் ஆபத்தில்லை. சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை போடுவதில்தான் ஆபத்து. கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளுவது கிளிக்லசைடின் வேலை, வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை இறங்கியதற்கான அடையாளங்கள்.

புரட்டாசி பிறப்பது செப்டம்பர் நடுவில். ஆகஸ்டிலேயே டாக்டரையோ கிளினிக் சிஸ்டரையோ பார்த்து, சனிக்கிழமை மாத்திரையை எப்போது, எவ்வளவு போடுவது என்று எழுதி வாங்கிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது. முந்தின இரவு வெறும் புட்டுக்குப் பதில் பருப்பும் கீரையும் சேர்ந்த சாப்பாடு கொடுங்கள். மீட்டரைக் கோயிலுக்கும் எடுத்துப் போங்கள்.

4-க்குக் கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ஒரு துண்டு பிரட்டோ ஒரு வாய் சோறோ வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கிளிக்லசைடு நெடுநேரம் வேலை செய்வதால் அன்று முழுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள், செல்போனிலிருந்து என்றால் 112.