போட்டோஷாப் ஏன் திணறுகிறது? லேப்டாப் டிசைனர்களின் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் 4 ஜிபி என்விடியா கார்டு இருக்கிறது. ஆனாலும் போட்டோஷாப்பில் ஜூம் செய்தால் விட்டு விட்டு நகர்கிறது. கார்டு போய்விட்டதா?

பதில்: போயிருக்காது. போட்டோஷாப் அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த வகை லேப்டாப்பில் பிராசஸரோடு ஒரு கிராபிக்ஸ், தனியாக ஒன்று என இரண்டு இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் சில சமயம் வேலையை முதலாவதிடமே தள்ளிவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜூம் செய்து பாருங்கள். என்விடியாவின் கோடு அசையவே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், போட்டோஷாப்பைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். அப்புறம் போட்டோஷாப்பை மூடித் திறங்கள். அதன் பிரிஃபரன்சஸில் ‘யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்’ டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 10-க்கு 20 அடி பேனர், 300 ரெசொல்யூஷன். ஒரு லேயரை நகர்த்தினாலே நின்றுவிடுகிறது. ரேம் 8 ஜிபி. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கட்டுமா?

பதில்: காசை வீணாக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்: 120 அங்குலம், 240 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று பெருக்கினால் 36,000-க்கு 72,000 பிக்சல், அதாவது சுமார் 259 கோடி. அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் பிக்சலுக்கு 4 பைட் என்றால், முழு அளவு லேயர் ஒன்றே 10 ஜிபியைத் தாண்டும். ரேமில் அடங்காதது ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கு, அதாவது போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் டிஸ்க்குக்குப் போகும். அது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் டீ குடித்துவிட்டே வரலாம். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ‘எஃபிஷியன்சி’யை வைத்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கில் ஓடுகிறது என்று பொருள். இதில் கார்டு என்ன செய்யும்? போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைலே நீளத்திலோ அகலத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பியில் சேமிக்கச் சொல்லும்போதே உஷாராகியிருக்கலாம். அதே பேனர் 72 ரெசொல்யூஷனில் சுமார் 600 எம்பிதான். ரோட்டில் போகிறவர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது தாராளம்.

கேள்வி: சார்ஜரைக் கழற்றினால் உடனே மெதுவாகிறதே?

பதில்: அது இயல்பு. பேட்டரியில் கார்டுக்கும் பிராசஸருக்கும் மின்சாரம் குறைத்தே தரப்படும். பெரிய வேலையைச் சார்ஜர் போட்டே செய்யுங்கள்.

கேள்வி: கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து கேன்வாஸ் மினுக்குகிறது, சார்.

பதில்: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ இருக்கும், பழையதற்குத் திரும்புங்கள். அடுத்த முறை என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரையே போடுங்கள். கேம் ரெடி டிரைவர், புதிய கேம்களின் வெளியீட்டை ஒட்டி வருவது. டிசைன் வேலைக்கு அந்த அவசரம் தேவையில்லை.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் கோடுகள் உடைந்து தெரிகின்றன. கோளாறு ஃபைலிலா, கார்டிலா?

பதில்: கண்ட்ரோல் + இ அழுத்துங்கள். கார்டு வரைந்து காட்டும் ஜிபியு பிரிவியூ போய், பிராசஸர் வரைந்து காட்டும் சிபியு பிரிவியூ வரும். இப்போது கோடு சரியாகத் தெரிந்தால் ஃபைல் மேல் பழி இல்லை, டிரைவரைப் பாருங்கள். அப்போதும் உடைந்தே இருந்தால் ஃபைலைத்தான் நோண்ட வேண்டும்.